வரைபட நிரல்களில் நினைவகக் கசிவு

எண்களைக் கண்ணாற் காணும் உருவமாக்கிக் காட்டுங் கலை மிகப் பழைமையானதன்று. 1786ஆம் ஆண்டில் வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோடுகளாலும் ஸ்காட்லாந்தின் வாணிகத்தைப் பட்டைகளாலும் தீட்டி ஒரு நூலாக வெளியிட்டார். அக்காலத்தே அப்படங்கள் செப்புத் தகட்டிற் செதுக்கப்பெற்று அச்சேறின. இக்காலத்து மாணவர் ஒருவரோ மாலையில் நிரலொன்றை எழுதி இயக்கிவிட்டு உறங்கச் சென்று, விடியற்காலையில் ஆயிரம் வரைபடங்கள் தமக்காகக் காத்திருக்கக் காண விரும்புகின்றார். பல வேளைகளில் அவர் காண்பது வேறு. முந்நூறு படங்கள் ஒழுங்காக வந்திருக்கும். அதன்பின் வருவன வரவரத் தாமதித்திருக்கும். நானூறு நிரம்புமுன் நிரல் நின்றுபோயிருக்கும். முதற்படத்தைத் தீட்டிய கட்டளைகளே இறுதிப் படத்தையும் தீட்டின; படங்களில் ஒரு பிழையும் இல்லை. அங்ஙனமாயின் இடையே நேர்ந்தது யாது? நினைவகக் கசிவு என்று கணிப்பொறி வல்லார் கூறும் இக்குறையின் இயல்பையும், அதனைத் தேடிப் பிடிக்கும் முறையையும் ஈண்டு ஆராய்வாம்.

இவ்விடர் நேருங்கால் நம்மவர் மூன்று வழிகளுள் ஒன்றைக் கைக்கொள்ளுகின்றனர். கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்குதல் ஒன்று. பொருள் செலவிட்டு நினைவகத்தைப் பெருக்குதல் மற்றொன்று. இவையிரண்டும் நோயைத் தள்ளிவைப்பனவேயன்றித் தீர்ப்பனவல்ல. மூன்றாவதோ தரவைக் குறைத்துக்கொள்ளுதல். பத்தாண்டு மழைக் கணக்கைத் தீட்டத் தொடங்கியவர், கணிப்பொறி தாங்கவில்லையென்று ஐந்தாண்டோடு அமைவர். நூறு ஊர்களைக் கருதியவர் நாற்பதைக் கொண்டு முடிப்பர். அவர் கூறும் முடிவு அதனால் மாறுபடவுங் கூடும். ஆராய்ச்சியின் எல்லையை வகுக்க வேண்டியது ஆராய்வோரின் கேள்வியே. நிரலில் மூடாது விடப்பட்ட ஒரு படம் அதனை வகுத்தல் தகாது. இக்குறையை நாம் பொருட்படுத்த வேண்டுவது இது பற்றியே.

1. நினைவகமும் விடுதி அறைகளும்

கல்லூரி விடுதியொன்றை எண்ணிக்கொள்க. அறைகள் ஓர் அளவிற்கு உட்பட்டன. புதிதாக வரும் மாணவர்க்குக் காவலர் ஓர் அறை ஒதுக்குகின்றார். அவர் சென்றபின் அதே அறையை வேறொருவர்க்குத் தருகின்றார். கணிப்பொறியின் நினைவகமும் இத்தகையதே. நிரலானது ஒரு படத்திற்கோ ஓர் அட்டவணைக்கோ இடம் வேண்டுமென்று கேட்கும். வேலை முடிந்தபின் அவ்விடம் மீள வேண்டும். மீளாவிடின், எத்துணைப் பெரிய விடுதியாயினும் ஒரு நாள் நிரம்பியே தீரும்.

அறை மீளாமைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, சாவி தொலைந்துபோதல். அறையில் ஒருவரும் இல்லை. ஆயினும் திறப்பாரும் இல்லை. மற்றொன்று, பெயர் அடிக்கப்படாமை. மாணவர் ஊர் சென்று பல மாதங்களாயின. ஆயினும் எங்கோ ஓர் ஏட்டில் அவர் பெயர் இன்னும் இருக்கின்றது. ஏட்டை நம்பி நடக்கும் காவலர் அவ்வறையைத் தொடமாட்டார். அவர்பால் யாதொரு குற்றமும் இல்லை.

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பார் ஆக்கிய 'சி' மொழியில் நேர்வது பெரும்பாலும் முதல்வகைக் கசிவு. அம்மொழியில் 'மேலாக்' என்னுங் கட்டளையால் இடம் பெற்றவர், 'ஃபிரீ' என்னுங் கட்டளையால் தாமே அதனைத் திருப்பித் தருதல் வேண்டும். திருப்பித் தருமுன் அவ்விடத்தின் முகவரியை இழந்தாராயின் சாவி தொலைந்ததாம்.

இத்தொல்லையினின்று விடுபடும் பொருட்டு 1959ஆம் ஆண்டளவில் ஜான் மெக்கார்த்தி என்னும் அமெரிக்க அறிஞர் 'லிஸ்ப்' மொழிக்கெனத் தானியங்கிக் காவலரொன்றை அமைத்தார். எந்தப் பெயராலும் எட்டமுடியாத பொருளைத் தானே கண்டு அப்புறப்படுத்தும் அவ்வுறுப்பினைக் குப்பை சேகரிப்பான் என்பர். 1960ஆம் ஆண்டில் ஜார்ஜ் காலின்ஸ் என்பார் வேறொரு வழி காட்டினார்: ஒவ்வொரு பொருளையும் எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்று எண்ணிவருதல், எண்ணிக்கை சுழியமானவுடன் அப்பொருளை விடுவித்தல்.

இன்று புள்ளியியல் வரைபடங்களுக்குப் பெரிதும் பயன்படும் இரு மொழிகளும் இவ்வழிகளையே பின்பற்றுவன. நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவரால் தொடங்கப்பெற்று, 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் நாள் 1.0.0 என்னும் பதிப்பாக வெளிவந்த 'ஆர்' மொழி முதல் வழியைக் கொண்டது. பைதான் மொழி பெயர்களை எண்ணும் வழியைக் கொண்டது. எனினும் எண்ணும் வழிக்கு ஒரு குறை உண்டு. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருப்பின், வெளியார் எவரும் அவற்றை நாடாவிடினும் எண்ணிக்கை சுழியமாகாது. ஒரு படமும் அதன் அச்சுகளும் இங்ஙனம் ஒன்றையொன்று சுட்டுவனவே. இவ்வகைச் சுழல்களைக் கண்டு அகற்றும் தனி உறுப்பொன்று 2000ஆம் ஆண்டில் வந்த பைதான் 2.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

காவலரைப் பெற்றுவிட்டோம், இனிக் கசிவு நேராது என்று பலரும் எண்ணுவர். அற்றன்று. எட்டமுடியாத பொருளைத்தான் காவலர் அகற்றுவார். வேண்டாத பொருளை அகற்றார். வேண்டுவது யாது, வேண்டாதது யாது என்பதை அவர் அறியார். ஏட்டிலுள்ள பெயர் ஒன்றே அவர்க்குச் சான்று. ஆகவே நம் வரைபட நிரல்களில் நேர்வன பெரும்பாலும் இரண்டாம் வகைக் கசிவுகளே. இடம் எங்கே கேட்கப்பட்டது என்று வினவிப் பயனில்லை. பெயர் இன்னும் எந்த ஏட்டில் இருக்கின்றது என்பதே வினவத் தக்கது.

2. பெயர் தங்கும் ஏடுகள்

முதலாவது, மென்பொருள் தானே வைத்திருக்கும் ஏடு. நரம்பியல் ஆராய்ச்சியாளராகிய ஜான் ஹண்டர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மேட்பிளாட்லிப்' என்னும் பைதான் நிரற்றொகுதியில் 'பைபிளாட்' என்றொரு பகுதி உண்டு. அதன் வழியாகத் தொடங்கும் ஒவ்வொரு படத்தின் பெயரையும் அது தன் ஏட்டிற் பதிந்துகொள்ளும். திரையிற் காட்டுக என்று பின்னர்க் கட்டளையிடுங்கால் எல்லாப் படங்களையும் காட்டவேண்டுமென்பதே அதன் நோக்கம். நாம் நம் மாறியை 'டெல்' என்னுங் கட்டளையால் அழிப்பினும், பைபிளாட்டின் ஏட்டிற் பெயர் நிற்கும். 'குளோஸ்' என்னுங் கட்டளையால் படத்தை மூடினாலன்றி அஃது அடிக்கப்படாது. 20 படங்களுக்கு மேல் மூடாமல் திறப்பின் இத்தொகுதி தானே ஓர் எச்சரிக்கை விடுக்கும். அதனைப் படியாது கடப்பார் பலர்.

இதன் விலையைக் கணக்கிடுவாம். இத்தொகுதியின் இயல்பான படம் 6.4 அங்குல அகலமும் 4.8 அங்குல உயரமும் உடையது. அங்குலத்திற்கு 100 புள்ளி. எனவே 640 × 480, அதாவது 3,07,200 படப்புள்ளிகள். புள்ளியொன்றிற்குச் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகு தன்மை என 4 பைட்டு. ஆக 12,28,800 பைட்டு. அச்சிற்கேற்ப அங்குலத்திற்கு 300 புள்ளியாக்கின் இது ஒன்பது மடங்காகி 1,10,59,200 பைட்டு ஆகும். நான்கு கிகாபைட்டு நினைவகம் என்பது ஏறத்தாழ 429 கோடி பைட்டு. வேறு எந்த வேலைக்கும் ஓரிடமும் ஒதுக்காது விடினும், 388 படங்களில் அது நிரம்பிவிடும். நானூறு நிரம்புமுன் நிரல் நின்றதன் காரணம் இப்போது விளங்கும்.

இரண்டாவது, படமே ஏடாதல். நொடிதோறும் மாறும் அளவொன்றைத் திரையில் ஓடவிட்டுக் காட்ட விரும்புவார், ஒவ்வொரு முறையும் அதே அச்சுகளின்மேல் புதிய கோடொன்றை வரைகின்றார். பழைய கோடு மறைந்ததென்று அவர் எண்ணுகின்றார். அது புதியதன் அடியிற் கிடக்கின்றது. பத்தாயிரம் நொடியில் பத்தாயிரங் கோடுகள். முதலில் ஒரே கோட்டை வரைந்துகொண்டு, பின்னர் அதன் எண்களை மட்டும் மாற்றுதலே முறை. 'ஆர்' மொழியின் திரைப் படங்களிலும் இதனையொத்த ஒன்று உண்டு. சாளரத்தின் அளவை மாற்றுங்கால் படத்தை மீண்டும் தீட்டும் பொருட்டு, வரைந்த செயல்கள் யாவும் ஒரு பட்டியலிற் பதியப்படும். புதிய பக்கந் தொடங்காமல் ஒரே படத்தின்மேற் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போவோர்க்கு அப்பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். கோப்பிற் சேமிக்கும் படங்களுக்கோ இப்பட்டியல் இயல்பாக வைக்கப்படுவதில்லை. ஆதலின் ஒரே நிரல் திரையிற் கசிந்தும் கோப்பிற் கசியாமலும் இருத்தல் கூடும்.

மூன்றாவது, கண்ணுக்குப் புலப்படாத ஏடு. இதுவே மிக நுட்பமானது. ஹாட்லி விக்கம் என்பார் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஜிஜிபிளாட்-2' என்னும் 'ஆர்' நிரற்றொகுதியில் ஆக்கப்படும் படம், தான் பிறந்த சூழலையும் உடன்கொண்டு செல்லும். ஒரு செயற்கூறு 10 இலட்சம் வரிசையும் 10 நிரையும் உள்ள எண் அட்டவணையைப் படிக்கின்றது என்க. எண்ணொன்றிற்கு 8 பைட்டாக அதன் அளவு 8 கோடி பைட்டு. அதனின்று பன்னிரு மாதச் சராசரிகளை மட்டும் எடுத்து, ஒரு சிறு படமாக்கித் திருப்பித் தருகின்றது. படத்திற் பன்னிரண்டு புள்ளிகளே காண்கின்றோம். ஆயினும் படம் அச்செயற்கூற்றின் சூழலைச் சுட்ட, சூழல் அட்டவணையைச் சுட்டுகின்றது. இத்தகைய படங்கள் 30ஐ ஒரு பட்டியலிற் சேர்த்துவைத்தால், 360 புள்ளிகளுக்காக 240 கோடி பைட்டு சிறைப்படும்.

இங்கே ஓர் ஏமாற்றமும் உண்டு. 'ஆர்' மொழியில் ஒரு பொருளின் அளவைக் கூறும் 'ஆப்ஜெக்ட்.சைஸ்' என்னுங் கட்டளை சூழலின் அளவைக் கணக்கிற் சேர்ப்பதில்லை; படம் சிறியதென்றே கூறும். அதே படத்தைக் கோப்பிற் சேமித்துப் பார்ப்பின் உண்மை வெளிப்படும். சூழலும் உடன் செல்லுதலால் கோப்புப் பன்மடங்கு பெருத்திருக்கும். 'லாப்ஸ்டர்' என்னும் நிரற்றொகுதியின் அளவுக் கட்டளையோ சூழலையும் சேர்த்தே எண்ணும். இதற்குப் பரிகாரம் எளிது. சராசரி காண்பதை ஒரு செயற்கூற்றிலும், படந் தீட்டுவதை மற்றொரு செயற்கூற்றிலும் பிரித்து வைக்க. இரண்டாவதன் சூழலிற் பெரிய அட்டவணை நுழையவே நுழையாது.

நான்காவது, நாமே எழுதிய ஏடு. பின்னர்ப் பார்ப்போம் என்று படங்களையெல்லாம் ஒரு பட்டியலிற் சேர்த்துவைத்து, பின்னர்ப் பாராமலே விடுதல் இதன்பாற் படும். ஜுப்பிட்டர் குறிப்பேட்டில் பைதான் கொண்டு வேலை செய்வோர் மற்றொன்றையும் கருதுக: கட்டத்தின் இறுதியில் நின்று வெளிப்படும் விடைகளை அக்குறிப்பேடு 'அவுட்' என்னும் பெயரின் கீழ்த் தொகுத்து வைத்திருக்கும். நம் மாறியை அழித்தும் நினைவகம் மீளாதபோது அங்கேயும் பார்த்தல் வேண்டும்.

3. தேடும் முறை

ஏடுகளை அறிந்தோம். இனி, எந்த ஏடு என்பதைக் காணும் ஒழுங்கைக் கூறுவாம்.

முதற்படி அளத்தல். ஒரே படத்தை 10 முறை, 100 முறை, 500 முறை தீட்டி, ஒவ்வொரு நிலையிலும் நிரல் கொண்டுள்ள நினைவகத்தைக் குறித்துக்கொள்க. தொடக்கத்தில் நேரும் ஏற்றத்தைக் கசிவென்று துணிதல் கூடாது. எழுத்துருக்களும் துணை நிரல்களும் முதன்முறை ஏற்றப்படுதலால் சிறிது உயர்வு இயல்பே. அது பின்னர் நின்றுவிடும். நில்லாமல், படத்தின் எண்ணிக்கையோடு ஒரே வீதத்தில் உயர்வதே கசிவிற்கு அடையாளம். மற்றொன்று: நிரல் விடுவித்த இடத்தை இயக்க முறைமையிடம் உடனே ஒப்படைக்காமல், அடுத்த தேவைக்கெனத் தன்னிடமே வைத்திருத்தலும் உண்டு. ஆகவே அளவு இறங்காமை மட்டுங் கொண்டு குற்றஞ் சாட்டலாகாது. இடைவிடாது ஏறுதலே சான்று.

இரண்டாம்படி, காவலரை வலிந்து அழைத்தல். 'ஆர்' மொழியில் 'ஜிசி' என்னுங் கட்டளையும், பைதானில் 'ஜிசி' தொகுதியின் 'கலெக்ட்' என்னுங் கட்டளையும் இதற்குரியன. அழைத்தபின் ஏற்றம் நின்றுவிடின், பொருள்கள் விடுபடக் காத்திருந்தனவேயன்றிச் சிறைப்படவில்லை. அழைத்தும் நில்லாவிடின், எங்கோ பெயர் இருக்கின்றது.

மூன்றாம்படி வகுத்தல். உயர்ந்த அளவைப் படங்களின் எண்ணிக்கையால் வகுக்க. கிடைக்கும் ஈவு, கள்வன் விட்டுச் சென்ற அடிச்சுவடு போன்றது. படமொன்றிற்கு ஏறத்தாழ 12 இலட்சம் பைட்டு உயர்ந்தால், 640 × 480 புள்ளிப்பரப்பு முழுதும் பிடிபட்டிருக்கின்றது. மூடப்படாத படத்தைத் தேடுக. 8 கோடி உயர்ந்தால், அட்டவணையே பிடிபட்டிருக்கின்றது, சூழலைத் தேடுக. சில ஆயிரம் பைட்டே உயர்ந்தால், ஒரு கோடோ பட்டியலின் ஓர் உறுப்போ சேர்ந்துவருகின்றது என்று ஐயுறுக. வகுத்தலாகிய எளிய கணக்கு, பல மணி நேரத் தேடலைக் குறைக்கும்.

நான்காம்படி, பாதியாக்குதல். தரவைப் படிக்கும் பகுதியை மட்டும் விட்டுத் தீட்டும் பகுதியை நீக்கி இயக்குக. பின்னர் மாறாக இயக்குக. எப்பாதியில் ஏற்றம் தொடர்கின்றதோ அப்பாதியை மீண்டும் இரண்டாக்குக. ஐயம் ஆயிரம் வரிகளில் இருப்பினும் பத்து முறை பாதியாக்கின் ஒரு வரியிற் கொண்டுவந்து நிறுத்தலாம்.

ஐந்தாம்படி, சாட்சிகளை வினவுதல். 2014ஆம் ஆண்டில் வந்த பைதான் 3.4 பதிப்பு முதல் 'டிரேஸ்மாலாக்' என்னும் கருவி உடன் வருகின்றது. இரு வேளைகளில் எடுத்த நிலைகளை ஒப்பிட்டு, இடையே மீளாது நின்ற இடத்தை எந்த வரி கேட்டது என்று அது கூறும். கேட்டவர் இவரென்று கூறுமேயன்றி, வைத்திருப்பவர் இவரென்று அது கூறாது. அதற்கு 'ஜிசி' தொகுதியின் 'கெட் ரெஃபரர்ஸ்' என்னுங் கட்டளை வேண்டும். ஒரு பொருளைச் சுட்டிநிற்போர் யாவர் என்று அது பட்டியலிட்டுத் தரும்.

இவையெல்லாஞ் செய்தும், மொழியின் கணக்கில் ஏற்றமில்லை, இயக்க முறைமையின் கணக்கில் மட்டும் ஏற்றமுண்டு என்றால், கசிவு அடியிலுள்ள 'சி' நிரலில் இருத்தல் கூடும். வரைபடத் தொகுதிகள் பலவும் எழுத்துருவையும் புள்ளிப்பரப்பையும் அத்தகைய நிரல்களைக் கொண்டே கையாளுகின்றன. அங்கே வேண்டுவது சாவி தொலைந்த அறையைத் தேடுதல். ஜூலியன் சீவர்ட் என்பார் தொடங்கி 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வால்கிரிண்ட்' என்னும் கருவி இதற்கு உதவும். வட ஐரோப்பியப் புராணத்தில் வீரர் புகும் வல்ஹல்லா மண்டபத்தின் வாயிலுக்குரிய பெயர் அது. அதன் மேற்பார்வையில் நிரல் 20 முதல் 30 மடங்கு வரை மெதுவாக ஓடலாம். ஆனால் முடிவில், முற்றிலும் தொலைந்த இடம் இவ்வளவு, இன்னும் எட்டக்கூடிய இடம் இவ்வளவு என்று தனித்தனியே கணக்குக் காட்டும். விடுதியின் இருவகை அறைகளை இப்பாகுபாட்டிற் காண்க.

இறுதிப்படியைப் பலர் மறப்பர். குறையைத் திருத்தியபின் முதற்படிக்கே மீண்டு, அதே படத்தை அதே முறைகள் தீட்டி அளந்து, ஏற்றம் நின்றதைக் கண்ணாற் காணுதல் வேண்டும். ஒரே நிரலில் இரண்டு கசிவுகள் இருத்தல் அரிதன்று. பெரியது அகன்றபின்னரே சிறியது தெரியும். அளவாமல், திருந்திற்று என்று கொள்ளுதல் கருத்தேயன்றி அறிவாகாது.

4. முடிவு

மேற்கூறியவற்றால் விளங்குவது யாது? குப்பை சேகரிப்பான் நம் பொறுப்பை முற்றும் ஏற்றுக்கொண்டதன்று. சாவியைக் காக்கும் வேலையை மட்டுமே ஏற்றது. பெயரை அடிக்கும் வேலை நம்மிடமே உள்ளது. படத்தைத் திறந்த இடத்திலேயே மூடும் வரியையும் எழுதிவிடுதல், பெரிய அட்டவணையும் சிறிய படமும் ஒரே செயற்கூற்றில் வாழாமல் பிரித்துவைத்தல், ஓடும் படத்திற் கோட்டைச் சேர்க்காமல் எண்ணை மாற்றுதல் ஆகிய மூன்று பழக்கங்களும் உடையார்க்கு இவ்விடர் பெரும்பாலும் நேராது. ஆயிரம் படங்களையும் ஒரு படத்தின் இடத்திலேயே அவர் தீட்டி முடிப்பர்.

மாணவ நண்பர்காள்! நம்மிற் பலர்க்குப் பெரிய கணிப்பொறி வாய்ப்பதில்லை. பழைய பொறியொன்றைப் பலர் பகிர்ந்துகொள்ளும் நிலையே மிகுதி. அத்தகையார் தம் பொறி சிறிதென்று நாணித் தம் ஆராய்ச்சியையும் சிறிதாக்கிக்கொள்ளற்க. நினைவகம் போதாதென்னும் செய்தி திரையில் தோன்றுமாயின், பத்தாண்டை ஐந்தாண்டாகக் குறைக்குமுன் ஒருமுறை அளந்து வகுத்துப் பார்க்க. உண்மையிலேயே இடம் போதாதென்று கணக்குக் காட்டின் அப்போது குறைத்துக்கொள்க. குறைத்ததைக் கட்டுரையிலும் கூறுக. பல வேளைகளில் கணக்குக் காட்டுவது, என்றோ தீட்டி முடித்த படமொன்றின் பெயர் இன்னும் ஏட்டில் இருக்கின்றது என்பதேயாகும். அதனை அடித்துவிட்டுப் பத்தாண்டையும் தீட்டுக.